ஆடி போகட்டும் என்று நின்ற கோழிக்கொண்டை

மாசாணியம்மாள் என் அப்பாவின் தங்கை. சிங்காநல்லூரில் குளத்துக்குப் பின்னால் எங்கள் வீடும் அத்தை வீடும் ஒரே காம்பவுண்டில், எதிரெதிராக இருக்கின்றன. அத்தை உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். டிவி பார்த்தாலும் நின்றுதான் பார்ப்பார். விளம்பரம் வந்தால் வெளியே போய் எதையாவது எடுத்து வைத்துவிட்டு வருவார்.

இது மில்லில் வந்த பழக்கம் என்று அப்பா சொல்வார். பதினெட்டு வயதில் ஸ்பின்னிங் பிரிவில் சேர்ந்தவர் அத்தை. நீளமான இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் ஷிப்ட் முழுக்க நடக்க வேண்டும். எங்கே நூல் அறுந்திருக்கிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும், அறுந்ததைக் கண்டால் விரலால் ஒட்டிவிட்டு மறுபடி நடக்க வேண்டும். நின்றால் மேஸ்திரி வந்துவிடுவார். அப்படி இருபது வருடத்துக்குப் பக்கமாக நடந்தார். பிறகு மில்காரர்கள் அந்த யூனிட்டை மூடினார்கள். இயந்திரங்கள் லாரியில் போய்விட்டன. அத்தையின் கால் மட்டும் நிற்கவில்லை.

அதன்பிறகு ஒரு கேன்டீனில் காய் நறுக்கினார். பம்பு செய்கிற பட்டறையில் வாஷர் எண்ணிப் பையில் போட்டார். ஒரு துணிக்கடையில் சேலை மடித்தார். எதிலும் மூன்று மாதம் தாண்டவில்லை. வேலை கஷ்டம் என்று அவர் சொன்னதில்லை. ஒரே இடத்தில் நிற்கச் சொல்கிறார்கள் என்றுதான் சொன்னார். அத்தையின் கணவர் ஆறுச்சாமி மாமா சொந்த டெம்போவை வாடகைக்கு ஓட்டுகிறவர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவர். "உங்கத்தைக்கு ஏத்த வேலை ஒண்ணுதான் இருக்குது கண்ணு. போஸ்ட்மேன். ஆனா இப்ப யாரும் லெட்டர் போடறதில்ல" என்பார்.

கோழிக்கொண்டை அத்தையிடம் வந்ததும் மில்லிலிருந்துதான். எங்கள் பக்கம் ஆயுத பூசை என்றால் மில்லிலும் பட்டறையிலும்தான் பெரிய விசேஷம். தறி, லேத், ட்ரில்லிங் மெஷின், லாரி, டெம்போ, எடைபோடுகிற தராசு வரைக்கும் கழுவிப் பொட்டு வைத்து மாலை போடுவார்கள். அந்த மாலைகளில் செண்டுமல்லிக்கு நடுவே கருஞ்சிவப்பாக, தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கிற பூதான் கோழிக்கொண்டை. சேவலின் கொண்டை போலவே மடிப்பு மடிப்பாக இருக்கும். சீக்கிரம் வாடாது. மெஷினுக்குள் இதழ் உதிர்க்காது. அதனால் மில்லில் அதைத்தான் விரும்பிக் கேட்பார்கள். பூசை முடிந்து ஒரு வாரம் கழித்துக் காய்ந்த மாலையைக் கழற்றுகிறபோது, பூவின் அடிப்பாகத்தைக் கசக்கினால் பளபளவென்று கறுப்பு விதை கொட்டும். கேழ்வரகைவிடச் சிறியது. யூனிட் மூடுவதற்கு முந்தைய வருடம் அத்தை அதைக் காகிதத்தில் கசக்கி, உமியை ஊதிவிட்டு, ஒரு விபூதி டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதை எங்கள் காம்பவுண்டுச் சுவரோரம் சும்மா தூவிவிட்டார். சித்திரை வெயில். அந்தச் சுவரைத் தொட்டால் கை சுடும். துளசிகூட அங்கே வராது. ஆனால் இந்தச் செடிக்கு அந்தச் சூடுதான் வேண்டும் போலிருக்கிறது. இடுப்பு உயரத்துக்குப் புதர் மாதிரி எழும்பி, ஒவ்வொன்றும் கையகலக் கொண்டை விட்டது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். ஒரு வருடத்துச் செடி அது. பூத்து, விதைத்து, காய்ந்துபோகும். மறுபடி விதை போட வேண்டும். அத்தைக்கு அது பிடித்திருந்தது. செடிகளுக்கு நடுவில் காலையும் மாலையும் நடந்தார். கண் எதையோ தேடும், விரல் ஒரு பழுத்த இலையைக் கிள்ளும், மறுபடி நடப்பார்.

மூன்று வருடம் அப்படிப் போனது. இந்த வருடம் வைகாசி மாதத்தில் அத்தை ஒரு முடிவுக்கு வந்தார். சுவரோரம் போதாது, நிலம் வேண்டும்.

அதே சமயம் மாமாவும் ஒரு முடிவோடு வந்தார். வெள்ளகோவில் பக்கம் ஒரு மில்லில் கணவன் மனைவி இருவருக்கும் வேலை தருகிறார்கள், குவார்ட்டர்ஸும் உண்டு. மாமாவுக்கு வண்டி ஓட்டுகிற வேலை, அத்தைக்குப் பழைய ஸ்பின்னிங் வேலை. மாமாவின் நண்பர் அங்கே இருக்கிறார், சொன்னால் போதும். டெம்போவுக்கு முன்போல வாடகை ஓட்டமும் கிடைப்பதில்லை. மாமா சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அத்தையும் தப்பு என்று சொல்லவில்லை. மறுபடி மில்லுக்குள் போக முடியாது என்று மட்டும் சொன்னார். கடைசியில் இருவரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். ஆயுத பூசை வரைக்கும் அத்தை நிலத்தில் முயற்சி செய்யட்டும். நிலம் கையில் நின்றால் இங்கேயே இருப்பது. நிற்காவிட்டால் வெள்ளகோவில்.

நிலம் கேட்டது அரங்கசாமி என்பவரிடம். பள்ளபாளையம் போகிற வழியில் அவருக்குத் தோட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய தோட்டம். பாதியை வீட்டு மனையாக விற்றுவிட்டார்கள், மகன் யஷ்வந்த் பெங்களூரில் இருக்கிறார். மீதியில் தென்னை. ரோட்டை ஒட்டி அரை ஏக்கர் போலச் சும்மா கிடந்தது. அந்தத் தோட்டத்தில்தான் அத்தையின் அம்மா, அதற்கு முன் அவருடைய அம்மா, கூலிக்குக் களை எடுத்திருக்கிறார்கள். அவர்கள் அரங்கசாமியின் அப்பாவைச் "சாமி" என்று கூப்பிட்டவர்கள். அத்தை போகிற வழியெல்லாம் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே போனதாகச் சொன்னார். மில்லில் பழகிய சொல்லையே வைத்துக்கொண்டார். "சாருங்க" என்று ஆரம்பித்தாராம்.

அரங்கசாமி யோசித்தார். அந்த இடத்தைக் குடோன் கட்ட ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனாலும் பயிர் ஏறினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று அவருக்கு ஓர் ஆசை. ஆயுத பூசைக்கு அந்த இடம் சிவந்து நிற்கட்டும், நின்றால் தொடர்ந்து தருகிறேன், இல்லாவிட்டால் குடோன்காரருக்கு வாக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அத்தை சரி என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். பஸ் வந்தும் ஏறவில்லை.

அன்றைக்கே விதை போட ஆரம்பித்துவிட்டார். நாற்றுப்பண்ணையில் இருக்கிற மாதிரி குழித்தட்டு வாங்கினார். தென்னை நார்க்கழிவை நனைத்து நிரப்பி, விதையை மணலோடு கலந்து ஒவ்வொரு குழியிலும் ஒரு சிட்டிகை வைத்தார். மேலே மெல்லிய தூள். அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள் போட்டுக் காம்பவுண்டு மூலையில் இருக்கிற தகரக் கொட்டகைக்குள் அடுக்கினார். உள்ளே புழுங்கும், விதைக்கு அது நல்லது.

அடுத்த நாளே தாளைத் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கே மறுபடியும் பார்த்தார். ஒரு குழியைக் குச்சியால் கிளறி, முளை வந்திருக்கிறதா என்று தேடினார். அப்படிக் கிளறியதிலேயே ஒரு தட்டு போயிற்று. முளைத்த பிறகு தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்ததில் இன்னும் இரண்டு தட்டு நாற்று அடித்தண்டு நைந்து படுத்துவிட்டது. நாத்தனாரை நங்கை என்று கூப்பிடுகிற என் அம்மா, "அதுகளை ஒரு பக்கமா விடுங்க நங்கை" என்று கெஞ்சினார். மீதியெல்லாம் தப்பித்தது. ஆனி முடிகிறபோது நடுவதற்கு ஏற்ற நாற்று, தட்டு தட்டாக நின்றது. நான்கைந்து இலை, செம்பு நிறத்தில் தண்டு.

அப்போதுதான் ஆடி பிறந்தது.

எங்கள் ஊரில் ஆடி மாதத்தில் வீடு மாற மாட்டார்கள். கல்யாணம் பேச மாட்டார்கள். நிலம், வீடு, கடை எதையும் கை மாற்ற மாட்டார்கள். அரங்கசாமி குத்தகைப் பேச்சைச் சொல்லியிருந்தாரே தவிர, இன்ன நாளில் இறங்கு என்று சொல்லவில்லை. அத்தை தோட்டம் வரைக்கும் போனார். கேட் திறந்தே இருந்தது. மண்ணைக்கூட டிராக்டர் விட்டுப் புரட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். பெரிய குடும்பம், ஆடியில் நிலத்தை இன்னொரு கைக்குக் கொடுக்க அந்த வீட்டில் விரும்ப மாட்டார்கள், போய்க் கேட்டால் இல்லை என்று சொல்லவும் சங்கடப்படுவார்கள், அவர்களைச் சங்கடத்தில் வைக்கக் கூடாது என்பது அத்தையின் நினைப்பு. ஆடி போகட்டும் என்று வந்துவிட்டார்.

அந்த மாதம் எங்கள் காம்பவுண்டில் யாராலும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. தட்டுகளைக் காலையில் வாசலுக்குக் கொண்டுவருவார். வெயில் சரிந்தால் சுவரோரம். பிறகு மொட்டை மாடி. ஆடிக் காற்றுக்குத் தட்டு பறக்கும் என்று மறுபடி கீழே. ஆடிப்பெருக்கு அன்று பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் விதைத்துக்கொண்டிருந்தார்கள், அத்தை அதையும் நின்று பார்த்துவிட்டு வந்தார். தன் நிலத்தில் விதைப்பதற்கு ஆடி நல்ல மாதம். அடுத்தவர் நிலத்தில் இறங்குவதற்குத்தான் ஆகாது. இரண்டும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் இருப்புக்கொள்ளவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு காம்பவுண்டில் நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆடி முடிய ஒரு வாரம் இருந்தபோது அத்தை ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் காட்டினார். நாற்று நான்கு விரல் உயரம்தான். ஆனால் ஒவ்வொன்றின் உச்சியிலும் நகக்கண் அளவுக்குச் சிவப்பாக ஒரு கொண்டை. பார்க்க அழகாக இருந்தது. எனக்கு அது சந்தோஷமான விஷயம் என்றுதான் தோன்றியது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அப்படியில்லை என்று புரிந்தது.

மறுநாள் அந்தத் தட்டோடு பூ மார்க்கெட்டுக்குப் போனார். அங்கே அப்துல் நாசர் என்பவர் மண்டி வைத்திருக்கிறார். சுவரோரச் செடிகளின் பூவை அவ்வப்போது வாங்கிக்கொண்டவர். ஆயுத பூசைக்கு எத்தனை மூட்டை வந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் தட்டைத் திருப்பி அடியைப் பார்த்தார். குழியின் ஓட்டை வழியாக வேர் வெளியே வந்து வெள்ளையாகச் சுருண்டிருந்தது.

"வேருக்கு எடம் இல்லைம்மா" என்றார். "இனி வளர முடியாதுன்னு நெனச்சுருச்சு. சாகறதுக்கு முன்னாடி விதை விட்டுறலாம்னு பூத்துருச்சு. இதை இப்ப நட்டாலும் இந்த ஒசரத்துலயே நிக்கும்."

அத்தை வேறு வழியே இல்லையா என்று கேட்டார். கொண்டையைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் கிளை விடலாம், ஆனால் நாள் பிடிக்கும், பூசைக்கு வருவது சந்தேகம், வந்தாலும் சின்னப் பூ, என்றார் நாசர். கட்டை விரல் அளவுப் பூவைத் தன்னிடம் கொண்டுவர வேண்டாம் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அவர் வியாபாரி, அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஆடி கடைசி நாள் அரங்கசாமியே ஆள் அனுப்பி, நாளைக்கு ஆவணி முதல் தேதி, நல்ல நாள், இறங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அத்தை விடிவதற்கு முன்பே அங்கே இருந்தார். மாமாவின் டெம்போவில்தான் தட்டுகள் போயின. வேர்ச்சுருளை விரலால் கொஞ்சம் பிரித்து நட்டார்கள். நட்டு முடித்ததும் முழு நிலத்திலும் குட்டிக் குட்டியாகச் சிவப்புத் தெரிந்தது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

மாமாவுக்கு அது போதும் என்று தோன்றியது. "சிவந்து நிக்கோணும்னுதானே அவரு சொன்னாரு. நிக்குதல்லோ. விட்டுப்போடு" என்றார்.

அத்தை வரிசைக்கு நடுவில் நடக்க ஆரம்பித்தார். கடைசி வரை போனார், திரும்பி வந்தார். இப்போதே கிள்ளினால் ஆயுத பூசைக்குள் ஒன்றும் இல்லாமல் போகலாம். கிள்ளாவிட்டால் சிவப்பு இருக்கும், ஆனால் பூ இருக்காது, விற்கவும் முடியாது, விதைக்கும் உருப்படியாக ஒன்றும் தேறாது. மூன்று நாள் இப்படியே நடந்தார். நான்காம் நாள் குனிந்து முதல் செடியின் கொண்டையைக் கிள்ளினார். பிறகு நிற்கவில்லை. இரண்டு விரல் நகத்தால், இலைக்கு மேலே, ஒரே கிள்ளு. அறுந்த நூலை ஒட்டிய அதே விரல், அதே வேகம். மத்தியானத்துக்குள் ரோட்டோரப் பாதி பச்சையாகிவிட்டது. சாயங்காலம் முழு நிலமும் பச்சை. அத்தையின் விரல் நுனியெல்லாம் கருஞ்சிவப்பாக இருந்தது. சோறு பிசையும்போதும் போகவில்லை.

மாமாவுக்குக் கோபம் வந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கத்தவில்லை. டெம்போவைக் கழுவிக்கொண்டே, வெள்ளகோவிலுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். அத்தை, இன்னும் நாள் இருக்கிறது என்றார். அதோடு பேச்சு நின்றது. அதன்பிறகு கொஞ்ச நாள் இரண்டு பேரும் சாப்பாடு, தண்ணீர், சாவி தவிர வேறு எதுவும் பேசவில்லை.

கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினார். களை எடுத்தார். ஆவணி வெயில் நன்றாக அடித்தது, அது அத்தைக்குச் சாதகம். செடிகள் பக்கவாட்டில் கிளைத்தன. முழங்கால் உயரம் வந்தன. ரோட்டோரம் மண் நல்ல மண், அங்கே இன்னும் ஒரு சாண் கூடுதல். பின்பக்கம், கிணற்றோரம், சுண்ணாம்புக் கல் கலந்த மண், அங்கே சோகை பிடித்த மாதிரி நின்றன. ஆனால் கொண்டை வரவில்லை. புரட்டாசி பிறந்தது, நவராத்திரி ஆரம்பித்தது. கோயில்களில் கொலு வைத்தார்கள். பூ விலை ஏறுகிறது என்று பேப்பரில் போட்டார்கள். அத்தை ஒவ்வொரு கிளையாக இலையை விலக்கிப் பார்த்தார். அங்கே பச்சையாக ஒரு மடிப்பு மட்டும், கசங்கின துணி மாதிரி இருந்தது. அது சிவக்க இன்னும் இரண்டு வாரமாவது வேண்டும். அத்தைக்கு அது தெரிந்தது. இருந்தாலும் தினமும் விலக்கிப் பார்த்தார்.

ஆயுத பூசை அன்று சிங்காநல்லூர் முழுக்கச் சாம்பிராணி வாசம். எல்லாப் பட்டறை வாசலிலும் வாழைக்கன்று. மாமா டெம்போவுக்குச் செண்டுமல்லி மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார். மாலையில் ஒரு கோழிக்கொண்டைகூட இல்லை. வேண்டுமென்றே அது இல்லாத மாலையாகப் பார்த்து வாங்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பிறகு எல்லோரும் அதில் ஏறித் தோட்டத்துக்குப் போனோம். அரங்கசாமி கிணற்று மோட்டாருக்குப் பூசை போட வருவார், அங்கேயே பேசி முடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

அவர் மனைவி பத்மாவதி பொரி, சுண்டல், பழம் எல்லாம் தட்டில் எடுத்து வந்திருந்தார். மோட்டாருக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினார்கள். பிறகு அரங்கசாமி வரப்பில் நின்று நிலத்தைப் பார்த்தார். முழுக்கப் பச்சை. அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அவருக்கும் அது வருத்தம்தான்.

"ஏனம்மணி, ஒரு பூவும் காணமே" என்றார்.

அத்தை நடந்ததைச் சொன்னார். தட்டிலேயே வேர் முட்டிப் பூத்துவிட்டது, கிள்ளினேன், அதனால் தாமதம், ஐப்பசி நடுவில் பூக்கும். ஆடியில் நட்டிருந்தால் இன்றைக்கு இடுப்பளவு நின்றிருக்கும் என்று முடித்தார்.

"ஆடியில நடறதுதானே?" என்றார் அரங்கசாமி. "உனக்காகத்தானே உழவு ஓட்டி வெச்சேன்?"

அத்தை அவரையே பார்த்தார்.

பத்மாவதி தட்டைக் கீழே வைத்தார். "நான் தெனமும் காலையில கேட்டைத் தொறந்து போட்டுப்போட்டுப் பார்ப்பேன், இன்னிக்கு வருவீங்கன்னு. நீங்க வரவேயில்ல. சரி, உங்க ஊட்டுல ஆடி பாக்கறாங்களாட்ட இருக்குது, புதுசா ஒரு காரியம் ஆரம்பிக்கறவங்க, நாம கூப்புட்டு அவங்க மனசைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு இவருகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

"நீங்க பாப்பீங்கன்னு நெனச்சுத்தானுங்க நானு வரல" என்றார் அத்தை. குரல் மெதுவாக இருந்தது. "கேட்டா உங்களுக்குச் சங்கடமுன்னு."

ரோட்டில் மாலை போட்ட லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மாமாதான் முதலில் சிரித்தார். "நல்லாருக்குதுங்க. ரெண்டு ஊட்டுக்காரங்களும் மரியாதை குடுத்துக் குடுத்தே செடியக் குட்டையாக்கிப்போட்டீங்க."

அரங்கசாமியும் சிரித்தார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் விஷயம் அப்படியேதான் நின்றது. பூ இல்லை. அவர் மனைவியோடு, வீட்டில் பேசுகிற தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு அத்தையிடம் திரும்பி, "சரி அம்மணி, இப்பப் புரட்டாசி. இந்த மாசம் நெலத்தப் பத்திப் பேச வேண்டாம். குடோன்காரரும் ஐப்பசி பொறந்து வாரேன்னு சொல்லியிருக்காரு. மாசம் போகட்டும், ஒக்காந்து பேசிக்கலாம்" என்றார்.

மாமா உடனே தலையை ஆட்டினார். "அதுஞ் சரிதானுங்க" என்றுகூடச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் பெரியவர்கள் அப்படிச் சொன்னால் அப்படித்தான் தலை ஆடும். என் தலையும் ஆடியிருக்கும்.

அத்தை தலையை ஆட்டவில்லை. "இல்லைங்க சாருங்க" என்றார். "இப்பவே சொல்லிப்போடுங்க."

அரங்கசாமிக்கு ஆச்சரியம். ஒருவேளை அவர் தோட்டத்தில் அத்தை வீட்டார் யாரும் அப்படிச் சொன்னதில்லையோ என்னவோ.

"மாசம் பாத்துத்தானுங்க இப்படி ஆச்சு. எனக்கு அடுத்த ஆயுத பூசை வரைக்கும் இந்த எடம் வேணுமுங்க. தையில விதை போட்டா பங்குனி வெயிலுக்கு நல்லா வரும், மாரியம்மன் நோம்பிக்கு அறுக்கலாம். மறுபடி ஆனியில நேரா மண்ணுல போட்டா பூசைக்கு ஆகும். தட்டு வேண்டாமுங்க, மண்ணுலயே போடறேன். தர முடியாதுன்னா அதையும் இப்பவே சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். நாளைக்கு நானு வேற தோட்டம் கேக்கப் போகோணும்."

நாளைக்கு விஜயதசமி. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை.

அரங்கசாமி வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தார். அத்தையும் கூடவே நடந்தார். இருவரும் கிணறு வரைக்கும் போய்த் திரும்பினார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது முடிவாகியிருந்தது. ரோட்டோரப் பாதி குடோனுக்குப் போகிறது. அவர் ஏற்கெனவே அரை வாக்குக் கொடுத்துவிட்டார், அதை மாற்ற முடியாது. கிணற்றோரப் பின்பாதியை அத்தை வைத்துக்கொள்ளலாம், அடுத்த ஆயுத பூசை வரைக்கும். ரோட்டோரச் செடிகள் பூத்து முடிகிற வரைக்கும் குடோன்காரரைத் தள்ளிப்போடுவதாகச் சொன்னார்.

நல்ல மண் போயிற்று. சுண்ணாம்புக் கல் மண் நின்றது. அத்தை உடனே சரி என்றார். பத்மாவதி பொரித் தட்டை நீட்டினார். அத்தை ஒரு கை அள்ளிக்கொண்டு, தின்றபடியே பின்பக்க மண்ணைக் காலால் கிளறிப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது மாமாதான் டெம்போவை ஓட்டினார். ஒண்டிப்புதூர் மேம்பாலம் தாண்டிய பிறகுதான் கேட்டார். "பாதி எடம். அதுவும் கல்லு மண்ணு. இத நின்னதுன்னு எடுத்துக்கறதா, நிக்கலைன்னு எடுத்துக்கறதா?"

அத்தை, தன்னைப் பொறுத்தவரை நின்றது என்றார். ஆனால் அதை வைத்து இரண்டு பேர் பிழைக்க முடியாது என்பதும் உண்மை, அதனால் நீங்கள் போவதானால் நான் தடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். மாமா வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே சங்கடமாக இருந்தது. ப்ளஸ் டூ முடித்து வீட்டில் சும்மா இருக்கிற எனக்கு, இவர்கள் இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் மாமா மட்டும் வெள்ளகோவிலுக்குப் போவது என்று ஆயிற்று. வாரம் ஒருமுறை வந்துவிடுவார். அவர் உடனே கிளம்பவில்லை. புரட்டாசியில் புது வேலைக்குச் சேர மாட்டாராம். ஐப்பசி முதல் தேதிதான் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில், வெள்ளகோவில் வழியாகப் போகிற கரூர் பஸ் ஏறினார். அதற்குள் அத்தை கிணற்றோரம் காய்ந்துபோன செடிகளைப் பிடுங்கி, பொறுக்க முடிந்த கல்லையெல்லாம் பொறுக்கி, இரண்டு டிராக்டர் குப்பை எருவும் அடித்து முடித்திருந்தார்.

ஐப்பசி நடுவில் பூக்கள் வந்தன. ஒரு செடிக்கு ஏழெட்டுக் கொண்டை, குழந்தைக் கையளவு. நாசர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். பெரிய மாலைக்கு ஆகாது, வாசல் தோரணத்துக்கு வைத்துக் கட்டச் சொல்கிறேன் என்றார். நல்ல சிவப்பாக, மடிப்பு நெருக்கமாக இருந்தவற்றை மட்டும் அத்தை செடியிலேயே விட்டுவைத்தார், விதைக்கு.

அதற்கு முன், மாமா கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அவருக்கு ஒரே கவலை. டெம்போவை விற்றாயிற்று. பூ அறுத்தால் மார்க்கெட் வரைக்கும் யார் கொண்டுபோவது? விடிகாலையில் மூட்டையோடு எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்? பழக்கமான ஆட்டோக்காரர் யாரையாவது கேட்டு வைக்க வேண்டும், தான் அடுத்த வாரம் வரும்போது கேட்கட்டுமா என்றார்.

அத்தை பஸ் படியில் கை வைத்தபடி நின்றார். "பால் வேன்காரரைக் கேட்டுப்போட்டேனுங்க. பூ அறுக்கற அன்னிக்கே வாரேன்னாரு. நீங்க ஏறுங்க, பஸ் எடுக்கறான்."